எட்டுப் பேரும் மூச்சு விட்ட இடம்

ஜனவரி 5

இந்து போய் இன்றைக்கு அறுபத்து நாலு நாள்.

இந்த டைரி காலண்டர் கம்பெனி முதலாளி வீட்டில் கொடுத்தது. அங்கே ஒன்பது வருஷம் தாள் அடுக்கினேன். வேலையை விட்ட பிறகும் வருஷா வருஷம் ஒன்று கொடுத்துவிடுகிறார்கள். எப்போதும் இந்துதான் எடுத்துக்கொள்வாள், எழுத்துப் போட்டுப் பழக. தினம் ரெண்டு வரி எழுது, எழுத எழுத வாசிப்பு தானாக வரும் என்று போன வருஷம் என்னிடம் கொடுத்தாள். அப்போது எழுதவில்லை. அஞ்சாவதோடு நின்ற கை. தப்பு இருந்தால் இருக்கட்டும். திருத்த இப்போது யாரும் இல்லை.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. எழுபத்து மூன்று பிள்ளைகளுக்குச் சாம்பார் சாதம். முட்டை உரிக்கையில் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வந்தது. கூடச் சமைக்கிற ராமுத்தாய் அக்கா முட்டையை வாங்கித் தானே உரித்தாள். முன்னே என்றால் வைதிருப்பாள்.

ஜனவரி 7

பள்ளிக்கூடத்துக்கு டேப் வந்துவிட்டது. சிலேட்டு அளவுக்கு இருக்கிறது. மூணாவது, நாலாவது பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. இனிமேல் தமிழ்ப்பாடம் அதில்தான் வாசிக்க வேண்டுமாம்.

ஜெஸிந்தா டீச்சர் அடுப்படியிலிருந்த என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தினார். "இதுல நீங்க பாக்குற ஒவ்வொரு எழுத்தும் நம்ம பேச்சியம்மா மக வரைஞ்சது" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். என் கையெல்லாம் மஞ்சள்பொடி. சேலையில் துடைத்துக்கொண்டே நின்றேன்.

சென்னையில் ஓவியக் கல்லூரி முடித்து, எழுத்து வரைகிற ஆபீசில் சேர்ந்தாள் என் மகள். எழுத்தை ஒருத்தர் உட்கார்ந்து வரைவார்கள் என்பதே எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். எழுத்து என்றால் அது பாட்டுக்கு இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஜனவரி 8

தக்காளி சாதம். உப்பு கூடிவிட்டது.

ஜனவரி 15

பொங்கல். எங்கள் வீட்டில் ஒரு வருஷத்துக்கு இல்லை. தெருவில் வாசலெல்லாம் கலர்ப்பொடி, என் வாசல் மட்டும் வெறுந்தரை.

அட்டைப்பெட்டி ஒட்டுகிற பொம்பளைகள் எல்லாரும் சேர்ந்து வந்து உட்கார்ந்தார்கள். மிட்டாய்க் கடைப் பெட்டி ஒட்டுவதுதான் எங்கள் தெருவில் வேலை. நானும் சாயங்காலம் ஒட்டுவேன். பேச்சை மாற்ற வேண்டும் என்று ராமுத்தாய் அக்கா, "மழைக்காலத்தில் கண்மாய் நிறைந்ததும்" என்று ஆரம்பித்தாள். மற்றவர்கள் "நாரைகள் வந்து இறங்கும்" என்று சேர்ந்துகொண்டார்கள். கடைசி வரைக்கும் சொல்லிவிட்டுச் சிரித்தார்கள்.

"செத்தாலும் மறக்காதுடீ இது. அந்தப் புள்ளைய ஜெயிக்க வச்சது யாரு, நாமல்ல" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள்.

ஜனவரி 20

முகிலா என்று ஒரு பிள்ளை. மூணாவது. செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களின் மகள், மார்கழியில்தான் சேர்ந்தது. இன்றைக்கு டேப்பை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு வாசலில் நின்றது. வாசிக்கவில்லை என்று டீச்சர் வெளியே நிறுத்தியிருக்கிறார்.

சாப்பாட்டு மணிக்கு முன்னால் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு வந்தது. பருப்பு மூட்டை சாத்தியிருந்தது. தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே மூட்டையில் இருந்ததை முழுக்க வாசித்தது. துவரம் பருப்பு, நிகர எடை, ஈரம் படாமல் பாதுகாக்கவும். தட்டித் தடுமாறவே இல்லை. தீப்பெட்டியைக் கொடுத்தேன். அதையும் வாசித்தது.

"பெறகு ஏன் அதுல வாசிக்கல?" என்று கேட்டேன்.

"அதுல எழுத்து ஓடிப்போகுது அத்தே."

ஜனவரி 21

பிள்ளைகள் விளையாடப் போன நேரம் ஒரு டேப்பை எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் மேலே விழுந்தது. கோடெல்லாம் முடி மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்து மாதிரியே ஒடிசலாக நிற்கிறது. ஒரு வார்த்தையைப் பிடித்து அடுத்த வார்த்தைக்குப் போவதற்குள் முதல் வார்த்தை போய்விடுகிறது.

எனக்கு வயசாகிவிட்டது, அதனால் இருக்கும்.

கீரை ஆய்ந்தேன். நாலு கட்டு.

ஜனவரி 28

எழுதிவிடுகிறேன்.

போன புரட்டாசியில் இந்து டேப்போடு வந்தாள். ஆபீசில் ரெண்டு விதமாக எழுத்து வரைந்திருந்தார்களாம். ஒன்று இவளுடையது, இன்னொன்று வேறு ஒரு பையனுடையது. எதைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கலாம் என்று அதிகம் படிக்காதவர்களை வாசிக்க வைத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது, எத்தனை தப்பு என்று குறிப்பார்கள். நம் தெருவிலேயே எட்டுப் பேரை வாசிக்க வைக்கிறேன் என்று அவள்தான் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

முதல் நாளே எனக்குக் காட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "காத்து மாதிரி இருக்கணும்மா எழுத்து. பாரமே தெரியக்கூடாது" என்றாள். எனக்குக் காற்று மட்டும்தான் தெரிந்தது. நல்லா இருக்கு கண்ணு, பளிச்சென்று தெரியுது என்றேன்.

வாசிக்கப்போகிற பாடம், அந்தக் கண்மாய் நாரைப் பாடம், ஒரு தாளிலும் இருந்தது, அச்சடித்த கனத்த எழுத்தில். அலமாரியில் நாலாக மடித்து வைத்திருந்தாள். காலண்டர் எழுத்து மாதிரி கனமாக இருந்தால் நான் வாசிப்பேன். அவள் குளிக்கப் போன நேரம் எடுத்தேன். அன்றைக்குப் பெட்டி ஒட்டுகிற இடத்தில் வைத்து மற்ற ஏழு பேருக்கும் சொல்லிச் சொல்லிக் கொடுத்தேன். பசை காய்வதற்குள் எல்லோருக்கும் மனப்பாடம். பரீட்சை அவளுக்கு என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஊரிலிருந்து போய் அவ்வளவு பெரிய ஆபீசில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, நம்மால் தோற்கக் கூடாது என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

மறுநாள் ஆபீஸ்காரர்கள் வந்து கேமராவை வைத்தார்கள். பையனுடைய எழுத்தில் வேறு பாடம் இருந்தது. அதை எழுத்துக் கூட்டித்தான் வாசித்தோம். இந்துவுடைய எழுத்து வந்ததும் எட்டுப் பேரும் விரலை வைத்துத் தள்ளிக்கொண்டே ஒப்பித்தோம். ராமுத்தாய் அக்கா கண்ணாடிகூடப் போடவில்லை.

இந்து எழுத்துத்தான் ஜெயித்தது.

அடுத்த மாசம் அவளுக்கு டெங்கு. நாலாவது நாள் எனக்குச் சொன்னார்கள். எட்டாவது நாள் முடிந்தது.

பிப்ரவரி 2

மூணு மாசம். ஒரு தேங்காய் உடைத்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

அவள் எனக்கு அனுப்பியதெல்லாம் போனில் அப்படியே இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன். புரட்டாசியில் வந்தபோது என் போனிலும் அவள் எழுத்தையே போட்டுவிட்டுத்தான் போனாள், அம்மா என் எழுத்தில்தான் வாசிக்கிறாள் என்று ஆபீசில் பெருமையாகச் சொல்வாளாம். மெசேஜ் வந்தால் நான் கட்டைவிரல் படத்தை அமுக்கிவிடுவேன். வாசித்தாயிற்று, சரி என்று அர்த்தம். என்ன இருக்கப் போகிறது, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்றுதானே இருக்கும். எப்படியும் சாயங்காலம் கூப்பிட்டுப் பேசுவாள்.

ஆனால் சின்னப் பிள்ளையிலிருந்தே அவளுக்கு ஒரு பழக்கம். வாயால் கேட்க முடியாததை எழுதிக் கேட்பாள். ஒருநாள் எவர்சில்வர் தூக்குவாளியைத் தொலைத்துவிட்டு, அம்மா நான்தான் என்று சீட்டு எழுதி அரிசிப் படிக்கு அடியில் வைத்திருந்தாள். நான் அரிசி அளக்கும்போது வீட்டில் இல்லை, கோயிலில் போய் உட்கார்ந்திருந்தாள்.

யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். இத்தனை நாள் வாசிக்கிற மாதிரி இருந்துவிட்டு இப்போது எப்படிச் சொல்வது.

பிப்ரவரி 9

மார்ச் முதல் வாரம் டேப்பிலேயே வாசிப்புப் பரீட்சை வைத்து, வாசிக்காத பிள்ளைகளைத் தனிப் பட்டியல் எடுத்து அனுப்ப வேண்டுமாம். பட்டியலில் இருக்கிற பிள்ளைகள் மறுபடி ஒண்ணாவது பாடத்திலிருந்து தொடங்க வேண்டும். முகிலாவுடைய அப்பா தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஒன்றுக்கும் ஆகாதென்றால் சூளைக்கே கூட்டிப் போய்விடுகிறேன், கல்லாவது திருப்பிப் போடும் என்றார். அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

நான் சொன்னால் அந்தப் பிள்ளை பேர் பட்டியலில் ஏறாமல் போகும். என் பிள்ளை பேர் போய்விடும். காலையிலிருந்து மனசில் இதுதான் ஓடுகிறது.

பிப்ரவரி 10

சொல்லவில்லை.

பிப்ரவரி 18

ஃபர்ஸானா வந்தாள். இந்துவோடு ஒரே அறையில் இருந்தவள், ஒரே ஆபீஸ். இந்துவுடைய பை, ரெண்டு சுடிதார், பென்சில் டப்பா எல்லாம் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் டேப் வைத்திருக்கிற மாதிரி போட்டோ எடுக்கவும் அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த எழுத்துக்கு இந்து வைத்த பேர் என்ன தெரியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. பேச்சி என்று வைத்திருக்கிறாள். என் பேர்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. தாளை எடுத்தது, பெட்டி ஒட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்தது, முகிலா பருப்பு மூட்டையை வாசித்தது எல்லாம் சொல்லிவிட்டேன். ஃபர்ஸானா டீயைக் கீழே வைத்துவிட்டாள். அதில் ஆடை படிந்தது.

அந்த வேலை முடிந்துவிட்டதாம். எழுத்தைப் பார்த்துக்கொண்டவர்கள் வேறு வேறு ஆபீசுக்குப் போய்விட்டார்களாம். டேப்புகள் பள்ளிக்கூடங்களுக்குப் போனது போனதுதான், இங்கிருந்து யாரும் எழுத்தை மாற்ற முடியாதபடி பூட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

"நான் சொன்னேன்னு சொல்லு தாயி. கூட்டிட்டுப் போ, வந்து நானே சொல்றேன்."

"வீடியோ இருக்கும்மா" என்றாள். "எட்டு பேரும் ஒரு தப்பு இல்லாம வாசிச்சது அப்படியே பதிவாகி இருக்கு. நீங்க சொல்றத நம்ப மாட்டாங்க, அதத்தான் நம்புவாங்க. பொண்ணு போன துக்கத்துல பேசுறாங்கன்னுடுவாங்க."

இருந்தாலும் எழுதிப் போடுகிறேன் என்றாள். போகும்போது என் போனை வாங்கிப் பார்த்தாள். இத்தனை நாள் இதில் எதையுமே வாசிக்கலையாம்மா என்று கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். பழைய கனத்த எழுத்தாக மாற்றிக் கொடுத்தாள். நிறைய இருக்கு, மெதுவா வாசிங்க என்றாள்.

பிப்ரவரி 19

ஜெஸிந்தா டீச்சரிடமும் சொன்னேன். மற்ற பிள்ளைகள் அதே எழுத்தில் வாசிக்கத்தானே செய்கிறார்கள் என்றார். "பேச்சியம்மா, இல்லாத பிள்ளையோட பேர நீங்களே கெடுக்காதீங்க. வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் படுங்க." நல்ல மனசில்தான் சொன்னார்.

கொண்டைக்கடலை ஊறப்போட மறந்து, புலாவ் கடக்குக் கடக்கென்று இருந்தது. பிள்ளைகள் பொறுக்கி வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 21

போனைத் திறந்தேன். எழுத்து கனமாக, காலண்டர் மாதிரி நிற்கிறது. அம்மா என்ற ஒரு வார்த்தை சட்டென்று தெரிந்துவிட்டது. மூடி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 23

பள்ளிக்கூடம் லீவு. காலையிலிருந்து உட்கார்ந்து வாசித்தேன். சாப்பிட்டியா என்று இருபத்தாறு தடவை கேட்டிருக்கிறாள். மழை, பஸ் லேட், ஃபர்ஸானா பிரியாணி செய்தாள், உன் ரசம் மாதிரி வரலை. ஒவ்வொன்றுக்கும் அடியில் என் கட்டைவிரல்.

அக்டோபர் எட்டாம் தேதியில் ஒன்று இருக்கிறது. பெரியது. அப்படியே எழுதுகிறேன்.

"யம்மா, நேத்து வீடியோவ மறுபடி போட்டுப் பாத்தேன். எட்டு பேரும் கண்மாய் நிறைஞ்சதும்ங்கிற எடத்துல மூச்சு விடுறீங்க. அங்க புள்ளி கூட இல்ல. என் தாளு மடிப்பு அங்கதான் வருது. நீ சொல்லிக் குடுத்தியா? அப்படி இருந்தா சொல்லும்மா. கோவப்பட மாட்டேன். வெள்ளிக்கிழமதான் எழுத்த ஒப்படைக்கிறோம். நாலு நாள் இருக்கு. அதுக்குள்ள கோடெல்லாம் கனமாக்கிருவேன். எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு. உனக்கு நெசமாவே தெரிஞ்சுதா?"

அடியில் என் கட்டைவிரல்.

அதற்கு அடியில், ரெண்டு நிமிஷம் கழித்து அவள்: "அப்ப சரிம்மா. நீ சொன்னா சரி."

பிப்ரவரி 24

வேலைக்குப் போனேன். சாம்பார் சாதம்.

பிப்ரவரி 25

அந்த மெசேஜ் வந்த அன்றைக்குச் சாயங்காலமும் அவள் பேசினாள். ரொம்ப நேரம் பேசினாள். ஒரே சிரிப்பு. ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று நான் கேட்கவே இல்லை.

மார்ச் 6

பரீட்சை நடந்தது. அடுப்படி ஜன்னலுக்கு நேரே மூணாவது வகுப்பு. முட்டை வேக வைத்துவிட்டு நின்று கேட்டேன்.

ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு டேப்பில் வாசிக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம், எறும்பும் புறாவும் என்று ஏதோ ஒன்று. முதலில் வாசித்த ரெண்டு பேர் திக்கினார்கள், டீச்சர் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் வந்தவர்கள் எல்லோரும் மளமளவென்று வாசித்தார்கள். விரலை வைத்துத் தள்ளிக்கொண்டே. ஒவ்வொரு பிள்ளையும் ஒரே இடத்தில் நிறுத்தி மூச்சு விட்டது.

முகிலா மட்டும் டேப்பைப் பார்த்துக்கொண்டே நின்றது. அதற்கு ஒப்பிக்கத் தெரியாது. எழுத்து தெரிந்தால்தான் வாசிக்கும்.

மார்ச் 10

ஃபர்ஸானா கூப்பிட்டாள். எழுதிப் போட்டதற்குப் பதில் வந்துவிட்டதாம். உங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த முறை கவனத்தில் கொள்கிறோம். அவ்வளவுதான். அக்டோபர் மெசேஜ் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆக.

மார்ச் 12

பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நல்ல கனத்த எழுத்து. மூணாவது வகுப்பில் ஒரே ஒரு பேர்.

அந்தப் பிள்ளை அதை எட்டி நின்று வாசித்தது. தட்டாமல் வாசித்தது. தன் பேர், அப்பா பேர், வாசிக்க இயலாதவர் என்று எல்லாம்.

மார்ச் 13

முகிலா வரவில்லை. அதன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மார்ச் 16

வரவில்லை. ராமுத்தாய் அக்காவைக் கூட்டிக்கொண்டு சூளைக்குப் போனேன். பிள்ளை தலையில் சும்மாடு வைத்திருந்தது. "பள்ளிக்கூடத்துல எனக்குப் படிப்பு வராதுன்னு எழுதிப்போட்டாங்க அத்தே" என்றது. நான் கொண்டுபோன பழைய தேதிக் காலண்டரைக் கொடுத்தேன். வாங்கி ஒரு தாள் வாசித்தது. அதன் அப்பா கூப்பிட்டதும் அதைக் கல்லுக்கு மேல் வைத்துவிட்டுப் போனது. காற்றில் தாள் அடித்துக்கொண்டு கிடந்தது.

மார்ச் 17

ஜெஸிந்தா டீச்சரிடம் போனைக் கொடுத்தேன். எழுத்தை முன்னே இருந்த மாதிரி மாற்றித் தரச் சொன்னேன்.

"இதுதானே உங்களுக்கு வாசிக்க நல்லா இருக்கு" என்றார்.

"வேண்டாம் டீச்சர். அதையே போடுங்க."

தேடிப் பார்த்தார். "இங்க பேச்சின்னு ஒண்ணு இருக்கு. அதுவா?"

"அதுதான்."

மாற்றிக் கொடுத்தார். எல்லாம் மறுபடி முடி மாதிரி ஆகிவிட்டது. அவள் வரைந்த எழுத்து, அவள் போட்டுவிட்ட மாதிரியே. இனிமேல் அந்த அக்டோபர் மெசேஜில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டி ஒட்ட உட்கார்ந்தேன். போனை மடியில் வைத்து அக்டோபர் எட்டாம் தேதிக்குத் தள்ளினேன். ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. ஆனால் விரல் வரிமேல் போகப் போக வாய் சொல்லிக்கொண்டே வருகிறது. மனப்பாடம் ஆகியிருக்கிறது. நீ சொல்லிக் குடுத்தியா என்கிற இடத்தில் மூச்சு விடுகிறேன். எத்தனை தடவை சொன்னாலும் அதே இடத்தில்தான்.